மாமா கழுவிய இன்ஜின்

அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பின் சீட்டில் உட்காரத் தெரியும். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்தார். மண்டிக்காரருக்கு ஒரு வண்டி வேண்டும் என்று பழைய அம்பாசடர் வாங்கினார். ஓட்டியது மாமா, அம்மாவின் தம்பி. ஓசூரில் கம்பெனி வேலை. எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

மாமாவுக்குப் பெண் பார்க்கச் சூளகிரி போவதாக இருந்தது. பெண்ணின் அப்பா ஒரு முதலாளியிடம் கார் டிரைவர். முதல் நாள் ஷிப்டு முடிந்து வந்ததும் மாமா பானெட்டைத் தூக்கிவிட்டார்.

"அவரு என் மூஞ்சியப் பாக்க மாட்டாருக்கா. இன்ஜினத்தான் பாப்பாரு."

"அப்ப பவுடரு மிச்சம்" என்றாள் அம்மா. ரேஷன் கிருஷ்ணாயிலை முனகிக்கொண்டே கொடுத்தாள்.

இன்ஜின் முழுக்க எண்ணெயும் மண்ணும் அடை அடையாக அப்பியிருந்தது. சூடு ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம். மாமா பாட்டரி வயரைக் கழற்றினார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு சின்னப் பழுப்புத் துண்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"இது ரோட்டர். இது இல்லன்னா வண்டி கெளம்பாது. கீழ போட்டுடாத கண்ணு."

பாவாடை நுனியில் முடிந்துகொண்டேன். மூடிக்கும் கார்பரேட்டருக்கும் பிளாஸ்டிக் கவர் சுற்றிச் சணலால் கட்டினார். நான் முடிச்சில் விரல் வைத்துப் பிடித்தேன். அடையைக் குச்சியால் சுரண்டினோம். பெயிண்ட் பிரஷ்ஷைக் கிருஷ்ணாயிலில் முக்கி மூலை முடுக்கெல்லாம் தேய்த்தோம். ஊறவிட்டு, சோப்புத் தூள் கரைத்துக் கழுவினோம். கறுப்புத் தண்ணீர் அம்மாவின் கனகாம்பரத்தைப் பார்த்து ஓடியது. நான் மண்ணை வெட்டி வேறு பக்கம் திருப்பினேன். கடைசியில் துடைத்துக் கவரைப் பிரித்தால் உள்ளே சொட்டு ஈரம் இல்லை. ரோட்டரை வைத்து வயரை மாட்டினார். முதல் திருப்பிலேயே கிளம்பியது.

அப்பா வந்து பார்த்தார். "இன்ஜினுக்கு எவனாச்சும் தண்ணி ஊத்துவானா? நாளைக்கு நடு ரோட்டுல நிக்கப் போவுது."

நிற்கவில்லை. சூளகிரிக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தோம்.

பெண் காபி கொண்டுவந்தாள். அவளும் ஓசூரில் கம்பெனிக்குப் போகிறவள். "கல்யாணத்துக்கு அப்பறம் வேலய விட்டுடும்ல?" என்று அப்பா அவள் அப்பாவைக் கேட்டார்.

"விட மாட்டேங்க" என்றாள் பெண்.

மாமா டம்ளருக்குள் சிரித்தார். அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "வீட்டுல கலந்து பேசிச் சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்தார். இதற்கு முன்பு பார்த்த இடங்களிலும் இதையேதான் சொன்னார். சொல்லி அனுப்பியதில்லை. எங்கள் வீட்டில் அப்பா சொல்லைத் தாண்டி எதுவும் நடக்காது. மாமாவின் முகம் செத்துவிட்டது.

சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். அப்பா மறுத்தார். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்கக் கூடாது. காபி வரை சரி. சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம்.

"ரேடியேட்டர்ல தண்ணி பாக்கறேன்" என்று மாமா முன்னால் போனார். நானும் போனேன். பானெட்டைத் திறந்தார். குனிந்தார். சட்டைப் பையில் எதையோ போட்டுக்கொண்டு மூடினார். அது என்ன என்று எனக்குத் தெரியும். நேற்று என் பாவாடையில் இருந்தது.

எல்லோரும் ஏறினோம். செல்ப் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை.

"நேத்தே சொன்னேன்ல மாப்ளே! தண்ணி ஊத்தாதன்னு சொன்னேன்ல!" அப்பாவுக்குக் கோபத்தைவிடச் சொன்னது பலித்த சந்தோஷம்தான் அதிகம்.

"ஆமாங்க. தண்ணி ஏறிடுச்சு போல" என்றார் மாமா.

எனக்குப் பொறுக்கவில்லை. கீழே இறங்கி, "தண்ணியே படலையே, நாமதான் கவரு கட்டி..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் பெண்ணின் அப்பா வந்து பானெட்டைத் தூக்கினார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். ரோட்டர் இருக்க வேண்டிய இடம் காலி. அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். மாமாவின் சட்டைப் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூடியை மெதுவாகத் திரும்ப மாட்டினார்.

"நல்லா ஏறியிருக்குதுங்க தண்ணி. வெயில்ல காயணும். நேரமாவும்." என் கையில் ஒரு கொய்யாப்பழத்தை வைத்தார். "தின்னு பாப்பா. பேசாம தின்னு."

"நீங்க டிரைவர்தான? கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க" என்றார் அப்பா.

"டிரைவருங்க. மெக்கானிக் இல்லீங்க."

"மெக்கானிக்கு?"

"ஞாயித்துக்கெழமைங்க."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே பிதுக்கம்பருப்புக் குழம்பு கொதித்தது. அப்பாவுக்கு அது உயிர். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தார். பிறகு எழுந்து கை கழுவப் போனார். குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

"இத யாரு வெச்சது?"

"நாந்தாங்க" என்றாள் பெண். "தெனமும் வெச்சிட்டுத்தான் கம்பெனி பஸ்ஸு ஏறுவேன்."

அப்பா சோற்றைப் பிசைந்தார்.

வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகு மாமா பானெட்டுக்குள் குனிந்து எழுந்தார். வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது.

"காஞ்சிடுச்சு" என்றார் பெண்ணின் அப்பா.

மறுநாள் அம்மா துணி துவைத்தாள். மாமாவின் வெள்ளைச் சட்டைப் பையில் கறுப்பாக விரல் தடம். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீதிக் கிருஷ்ணாயிலைத் தொட்டுத் துடைத்தாள். அப்பா கண்ணில் படாமல் பின்பக்கக் கொடியில் போட்டாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

எனக்கு வேறு கவலை. மாமா ஏதோ ஞாபகத்தில் பையில் போட்டுக்கொண்டார். சரி. பெண்ணின் அப்பா காலமெல்லாம் கார் ஓட்டியவர். அவருக்கு ரோட்டர் இல்லாததுகூடத் தெரியவில்லையே. பாவமாக இருந்தது. கல்யாணத்தன்று அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ரோட்டர் என்றால் என்ன, அது எங்கே இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

பந்தி வேலையை விட்டுவிட்டு, முழுக்கக் கேட்டுக்கொண்டார்.