ரெஜினா அக்கா கையெழுத்து வைக்காத காகிதம்

செய்தி வந்தபோது மவுண்ட் ஆல்பர்ட் நிலையத்தில் நகரத்துக்குப் போகும் காலை ரயிலுக்காக நின்றிருந்தேன். ரெஜினா அக்காவின் கணவர் மரியதாஸ் அண்ணனிடமிருந்து குறுஞ்செய்தி. "ரெஜினா விடியக்காலமை போயிட்டா தம்பி. நோ ஒண்டும் இல்லாமப் போனவ." ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. நான் ஏறவில்லை. அப்போது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. இதை அக்காவைத் தெரிந்த உங்கள் முன்னால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வலி நின்றதே என்ற நிம்மதி பாதி. மீதிப் பாதி சுயநலம். பத்து நாளைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை நான் போய் அவரைப் பார்த்திருந்தேன். போகாமல் இருந்திருந்தால் ஒன்பது வருடக் கோபம் ஒன்றை வாழ்நாள் முழுக்கச் சுமந்துகொண்டு திரிந்திருப்பேன்.

அந்தக் கோபம் என்ன என்று சொல்ல, அக்காவின் வேலை என்ன என்று சொல்ல வேண்டும். நகர மையத்தில் ஓர் அரசுத் துறையின் அலுவலகத்தில் அவர் பிசினஸ் மேனேஜர். துறையின் வேலையைச் செய்பவர்கள் வேறு. அந்த வேலை நடக்க ஆள் வேண்டும், இடம் வேண்டும், ஒப்பந்தம் வேண்டும், யார் எதில் கையெழுத்து வைக்கலாம் என்ற ஒழுங்கு வேண்டும். அது எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பவர் அவர். நான் திருச்சியிலிருந்து வந்து அங்கே சேர்ந்த முதல் நாள், என் நாற்காலியின் உயரத்தைத் தானே குனிந்து சரிசெய்துகொண்டே சொன்னார்: "தம்பி, பிசினஸ் மேனேஜர் என்ன செய்யிறா எண்டு இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது. தெரியவந்தா நான் எங்கேயோ பிழை விட்டிட்டன் எண்டு அர்த்தம்."

அவர் பிழை விட்டு நான் பார்த்ததில்லை. தேநீரைத் தவிர. அவர் போடும் தேநீரைக் குடித்துவிட்டு அவரை மன்னிக்க ஒரு தனி மனசு வேண்டும். சாவிக்கொத்தையும் யாரிடமும் கொடுக்க மாட்டார். ஒரு பேனா வேண்டுமென்றாலும் அவர் எழுந்து வந்து அலமாரியைத் திறந்து, ஒன்றே ஒன்றை எடுத்துத் தந்து, திரும்பப் பூட்டுவார். "என்னக்கா, தங்கப் பேனாவா?" என்று நான் கேலி செய்வேன். "தங்கமெண்டா திறந்தே வைப்பன், ஆரும் தொட மாட்டினம். பேனாதான் காணாமப் போகும்" என்பார்.

அந்த வருடம் எங்கள் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி வேறு கட்டடத்துக்கு மாறியது. திங்கட்கிழமை எல்லோரும் புது இடத்துக்கு வர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை நானும் அவரும் கடைசிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தோம். திடீரென்று லிஃப்ட் வாசலுக்குப் போய் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். "ஐயோ, என்னக்கா ஆச்சு?" என்று ஓடினேன். "விலகும். பீட்டரின்ர மேசைக்கு வழி பாக்கிறன்." பீட்டருக்குக் கண் தெரியாது. மூன்று முறை நடந்தார். மூன்றாம் முறை குப்பைத்தொட்டியில் முழங்காலை இடித்துக்கொண்டு, "ஆ, இதைத்தான் தேடினனான்" என்று சொல்லி அதை மறுபக்கம் நகர்த்தி வைத்தார். திங்கட்கிழமை பீட்டர் ஒரு பக்கமும் இடிக்காமல் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். யாருக்கும் எதுவும் தெரியாது. அக்கா மட்டும் ஒரு வாரம் நொண்டினார்.

இங்கே எங்களுக்கு முதல் குளிர்காலம் அது. ஒரு ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்தார். இலங்கை மன்னார் வீட்டுச் சாப்பாடு. பிட்டு, நண்டுக் கறி, சம்பல். நாங்கள் சைவம் என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டுச் சொல்லாமலே போயிருந்தோம். அவர் எப்படியோ கண்டுபிடித்து, கத்தரிக்காயும் பருப்பும் புதுச் சட்டியில் சமைத்துத் தனியாக மூடி வைத்திருந்தார். "உம்மட மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியை ஒரு மாசமாப் பாக்கிறன்தானே" என்றார். என் மகள் நிலாவுக்கு அப்போது நாலு வயது. சாப்பிட்டு முடித்ததும் கேட்காமல் கொள்ளாமல் அவர் மடியில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு அக்கா 'மாமி'; ஞாயிறு என்றால் மாமி வீடுதான். என் மனைவி கவிதாவுக்கு இந்த ஊரில் மனம் விட்டுப் பேச இருந்த ஒரே ஆள் அவர்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். எனக்கு ஓராண்டு ஒப்பந்தம். விசா அந்த வேலையோடு கட்டிப்போட்டது. ஒப்பந்தம் முடிய ஆறு வாரம் இருக்கும்போது என் இடத்தை நிரந்தரமாக்குவது என்று முடிவாயிற்று. யாரை அதில் போடலாம் என்று பரிந்துரைத்துக் கையெழுத்து வைக்க வேண்டியவர் பிசினஸ் மேனேஜர். நான் வீட்டில் கவிதாவிடம், "இனிமே கவலைய விடு, அக்கா இருக்காங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அலுவலகம் போனேன். நிலாவுக்குப் பள்ளிக்கூடச் சீருடைகூட வாங்கியாயிற்று.

அன்று காலை நடைபாதையில் என்னை நிறுத்தினார். "தம்பி, உம்மட விசயத்தில நான் கையெழுத்து வைக்க மாட்டன். எழுதிக் குடுத்திட்டன்."

"என்னக்கா சொல்றீங்க? ஏன்?"

"இதைப் பற்றி உம்மோட கதைக்கவும் ஏலாது. வெலிங்டன் தலைமை அலுவலகத்தில இருந்து ஆள் வரும்." அவ்வளவுதான். போய்விட்டார்.

அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இது புரியும். நாம் எடுக்கும் முடிவால் நமக்கு வேண்டியவர் பயன்பெறுவார் என்றால், அதை முன்கூட்டியே ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். எனக்கும் சட்டமாகப் புரிந்தது. வயிற்றுக்குப் புரியவில்லை. வெலிங்டனிலிருந்து வந்த ஹெதர் என்ற அம்மையார் என்னை ஒன்றரை மணி நேரம் வறுத்து எடுத்தார். அந்த ஆறு வாரமும் அக்கா வீட்டிலிருந்து ஒரு அழைப்பு இல்லை. "மாமி வீட்டுக்கு ஏன் போகல?" என்று நிலா கேட்கும்போதெல்லாம் கவிதா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல் கத்தினேன்: "நம்ம ஆளுன்னு நம்பினேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்!"

வேலை கிடைத்தது. விசா கிடைத்தது. கோபம் மட்டும் போகவில்லை. அக்கா பழையபடி ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்று சொன்னேன். என் கோபத்தை நான் காட்டிய விதம் எனக்கே இப்போது சிரிப்பாக இருக்கிறது. இந்த நாட்டில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நானும் மறுநாளிலிருந்து அவரை "ரெஜினா" என்றேன். "குட் மார்னிங், ரெஜினா." முதல் முறை சொன்னபோது அவர் கையில் இருந்த சாவிக்கொத்து ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு, "குட் மார்னிங், ரவி" என்றார். தம்பி போய்விட்டது. இரண்டு வருடத்தில் நான் வேறு துறைக்கு மாறினேன். இரண்டு அலுவலகத்துக்கும் ஐந்து நிமிட நடைதான். ஒரு நாளும் நடக்கவில்லை.

போன வருடம் என்னையும் பிசினஸ் மேனேஜர் ஆக்கினார்கள். விதி சும்மா விடுமா? அண்மையில் என் பிரிவில் ஓர் இடத்துக்கு ஷாமளா விண்ணப்பித்தார். மலேசியத் தமிழர், எங்கள் பக்கத்து வீடு. மங்கரேயில் விமானச் சரக்கு நிறுவனத்தில் மாறி மாறி வரும் ஷிஃப்டில் உடம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தவர். அவர் கணவர் வெளியூரில் இருந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அந்தப் படிவம் என் மேசைக்கு வந்தது. உறவு என்ன என்று கேட்டு மூன்று பெட்டி. அறிமுகமானவர், நண்பர், குடும்பம். அறிமுகமானவர் என்று போட்டால் நான் தேர்வுக் குழுவில் உட்காரலாம். நாலு நல்ல வார்த்தை சொல்லலாம். பேனாவைப் பெட்டிக்கு மேலே வைத்தும்விட்டேன். அப்போதுதான் தோன்றியது, அக்கா அன்றைக்கு எந்தப் பெட்டியில் போட்டிருப்பார்? "அறிமுகமானவர்" என்று போட்டு என்னைக் கைகழுவிவிட்டாரோ? அதே வாரம் பீட்டரை வழியில் பார்த்தேன். அக்காவுக்குப் புற்றுநோய் என்றும், இனி மருத்துவம் இல்லை, வீட்டில்தான் இருக்கிறார் என்றும் சொன்னார்.

சனிக்கிழமை கிளம்பினேன். கவிதா, "ஒன்பது வருஷம் முறுக்கிக்கிட்டு இருந்த மனுஷன், இன்னைக்காவது ஒழுங்காப் பேசுங்க" என்று அனுப்பினாள்.

அக்காவின் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். பாதி ஆளாகியிருந்தார். கட்டிலின் தலைமாட்டில் அதே சாவிக்கொத்து தொங்கியது. என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். வாயில் வந்தது "அக்கா" என்பது மட்டும்தான்.

"ஓ! அக்கா எண்டுறீர்" என்றார். "இஞ்சருங்கோ, கேட்டீங்களே? ரவிக்கு வாய் திறந்திட்டுது!" மரியதாஸ் அண்ணன் அடுப்படியிலிருந்து சிரித்தார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, என் வேலைக்கு நீங்க ஒரு ஃபார்ம் எழுதினீங்களே, அதுல எந்தப் பெட்டியில டிக் போட்டீங்க?"

"இதுக்கோ இவ்வளவு காலம்? குடும்பத்திலதான் போட்டனான். மேல இருந்து கூப்பிட்டுக் கேட்டவை, அவர் இந்தியா, நீ இலங்கை, அவர் கோயில், நீ சேர்ச், எப்பிடிக் குடும்பம் எண்டு. அந்தப் பிள்ளை என்ர மடியில நித்திரை கொள்ளுறவள், வேற எந்தப் பெட்டியில போட எண்டு கேட்டன். பேசாம விட்டிட்டினம்."

"அப்ப ஏன்க்கா சொல்லல?"

"முடிவு வர முன்னம் சொல்லேலாது. நான் கையெழுத்து வைச்சிருந்தா, ரெஜினா எடுத்துவிட்ட ஆள் எண்டுதான் அந்த மாடி முழுக்கக் கதைச்சிருக்கும். நீர் கெட்டிக்காரன், உமக்கு என்ர கையெழுத்து தேவைப்படேல்ல." மூச்சு வாங்கினார். "முடிவு வந்த பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன். நீர் வந்து 'குட் மார்னிங் ரெஜினா' எண்டீர். எனக்கும் ரோசம் இருக்குதானே, தம்பி!"

சிரித்துவிட்டோம். இருவருக்கும் கண்ணில் தண்ணீர். ஒரு சின்ன வார்த்தைக்காக, ஐந்து நிமிட நடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு வீம்பு பிடித்தவர்கள். மரியதாஸ் அண்ணன் தேநீர் கொண்டுவந்தார். அக்கா சொல்லிக்கொடுத்தபடி போட்டது போலும், வாயில் வைக்க முடியவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அடுத்த நாள் கவிதாவும் நிலாவும் போனார்கள். பதின்மூன்று வயதாகிவிட்ட நிலா, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் நிலா, கட்டிலோரம் தலையைச் சாய்த்து, "சாரி மாமி, அப்பா ஒரு இடியட்" என்றாளாம். "ஓம், எனக்குத் தெரியும்" என்றாராம் அக்கா.

அடக்கப் பூசையில் நான் பேசி முடித்ததும், இந்த ஊர் வழக்கப்படி அலுவலகத்தார் எல்லோரும் எழுந்து எனக்குத் துணையாக பூர்வகுடிகளின் மாவோரிப் பாட்டு ஒன்று பாடினார்கள். பீட்டர் முன் வரிசையில் நின்று உரக்கப் பாடினார். நான் பேச்சில் சொன்ன லிஃப்ட் வாசல் கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னார். என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

ஷாமளாவின் படிவத்தை, அக்காவைப் பார்த்துவந்த திங்கட்கிழமையே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். குழுவிலிருந்து விலகினேன். ஷாமளாவிடமும் அக்கா என்னிடம் சொன்ன அதே இரண்டு வரிதான் சொல்ல முடிந்தது. மறுநாளிலிருந்து "அண்ணே" போய், "மிஸ்டர் ரவி" ஆனேன். வேலிக்கு அந்தப் பக்கம் கதவு படார் படார் என்று சாத்தப்பட்டது. அக்கா அந்த ஆறு வாரம் என்ன பாடு பட்டிருப்பார் என்று அப்போதுதான் தெரிந்தது. போன வாரம் முடிவு வந்தது. வேலை ஷாமளாவுக்கே, தன் கெட்டிக்காரத்தனத்தில். அன்றே கவிதாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டி, எந்தப் பெட்டியில் டிக் போட்டேன் என்று சொன்னேன். "அட, முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா அண்ணே!" என்று அழுதார். ரெஜினா அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான், அவர் செய்யாமல் விட்ட கடைசி ஒரு அடியையும் சேர்த்து.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரைத் தொகுக்கும் மரியதாஸ் அண்ணனின் மருமகன், எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு தாள் அனுப்பியிருக்கிறார். பெயர், ஊர், மறைந்தவருக்கு என்ன உறவு. மூன்றாவது வரியில் முதலில் "முன்னாள் சக ஊழியர்" என்று எழுதினேன். அடித்துவிட்டு, குடும்பம் என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.