மகளுக்கு வேறு வரிசை

காலை ஆறரைக்கே ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாசலில் வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சத்யபிரியா ஷட்டரைத் தூக்கிவிட்டு, கையுறையை மாட்டி, முதல் ஆளின் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடும்போதே அந்தக் கேள்வி வந்துவிடும்.

"எப்பம்மா அமெரிக்கா கிளம்புற?"

"ஆகிக்கிட்டு இருக்குண்ணே. கைய இறுக்கி மூடுங்க."

திண்டுக்கல்லில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி தெரியும். கோயில் பூசை முடிந்து வெளியே வந்தால் கேட்பார்கள். பஸ் ஸ்டாண்டில் கேட்பார்கள். ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் கத்திரியும் முருங்கையும் போட்டிருக்கிற அவள் அப்பா வாரம் தவறாமல் கேட்பார். முதல் ஓரிரு வருடம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். பிறகு பதில் மட்டும் சொன்னாள்.

அவள் புருஷன் ஸ்டான்லி நர்ஸ். கொரோனாவுக்கு முந்தின வருடம் டெக்சாஸில் ஒரு ஆஸ்பத்திரியே வேலைக்கு எடுத்து, இறங்கும்போதே கிரீன் கார்டு கிடைக்கிற வழியில் போனவர். ஒரு மாத விடுமுறையில் வந்து அவளைக் கட்டிக்கொண்டு திரும்பினார். அவர் போய் இறங்கிய கொஞ்ச நாளில் உலகத்தின் கதவுகள் சாத்திக்கொண்டன. ஜோவிதா பிறந்ததையும் தவழ்ந்ததையும் போனில்தான் பார்த்தார். பிள்ளை ஓடித் திரிந்த பிறகுதான் நேரில் வந்து தூக்க முடிந்தது.

ஆஸ்பத்திரி மாறி, ஊர் மாறி அலைந்ததில் மனைவிக்கு மனுப் போடவே தாமதமாகிவிட்டது. கிரீன் கார்டுக்காரர் மனைவியை அழைக்க வேண்டுமென்றால் வரிசையில் நிற்க வேண்டும். அது எறும்பு ஊர்கிற மாதிரி நகரும். ஒரே ஆறுதல், மகளும் அம்மாவின் மனுவிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

அந்த வரிசை நகர்ந்துகொண்டிருந்தபோதுதான் ஸ்டான்லிக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கேட்கும் தகுதி வந்தது. "குடிமகனோட பொண்டாட்டிக்கு வரிசையே கெடையாது பிரியா. நேரா கூப்பிட்டுருவாங்க," என்றார். சத்யபிரியாவுக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

உறுதிமொழி எடுத்த அன்று கோட்டு போட்டு, கையில் சின்னக் கொடியோடு போட்டோ அனுப்பினார். இரண்டு நாட்டுக் குடியுரிமையும் வைத்துக்கொள்ள நம் சட்டத்தில் இடமில்லை என்பதால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அனுப்புவதற்கு முன் வீடியோவில் அதைக் காட்டினார். அவருடைய அம்மா இஞ்ஞாசியம்மாள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அத எடுக்க மதுரைக்கு எத்தன நட நடந்தோம்! போலீஸ்காரரு வீட்டுக்கு வந்து டீ குடிச்சிட்டுப் போனாரு. அதப் போயிக் குடுக்குறேங்குற?"

"ரெண்டும் வச்சிக்க விடமாட்டாங்கம்மா."

"அப்ப ஊருக்கு வரணும்னா?"

"விசா எடுத்துத்தான் வரணும்."

"பெத்தவ வீட்டுக்கு வர விசாவா?" என்று கேட்டுவிட்டு இஞ்ஞாசியம்மாள் போனை மருமகளிடம் கொடுத்தார். அங்கன்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அழுகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, தான் அழுவதை விட்டுவிட்டவர்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாமே கிளம்புகிற தோரணையில் நடந்தது. ஜூனில் ஜோவிதாவைப் பள்ளியில் சேர்க்கவில்லை; அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் ஸ்டான்லி. பழுதான பிரிட்ஜை மாற்றவில்லை. சத்யபிரியா பரிசோதனை நிலைய முதலாளி மீரானிடம் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றாள். அவர் பிரியாணி வாங்கி எல்லாருக்கும் போட்டு அனுப்பிவைத்தார்.

ஸ்டான்லி ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்து கூப்பிட்டது ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை. சத்யபிரியா மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

"பிரியா, ஒண்ணு சொல்றேன். பதறாத."

"சொல்லுங்க."

"நான் சிட்டிசன் ஆனதும் உன் கேஸு வேற வகைக்கு மாறிருச்சுல்ல. இந்த வகையில பிள்ளையச் சேத்துக் கூட்டியார முடியாதாம். அவளுக்குத் தனியாப் போடணுமாம்."

கிரைண்டரை நிறுத்தினாள். "முன்னாடி என்கூடத்தான இருந்தா?"

"அது பழைய வகையில. இப்ப உனக்கு மட்டும்தான் வருது. அவளுக்கு முதல்லருந்து. ஒரு வருஷம், மேலயும் ஆவலாம்."

"நீங்க மாறாம இருந்திருந்தா?"

"ரெண்டு பேரும் பழைய வரிசையிலயே நின்னுக்கிட்டு இருப்பீங்க. எனக்குத் தெரியாது பிரியா. கூட வேலை பாக்குறவன் ஒண்ணும் ஆகாதுன்னான்."

சத்யபிரியாவுக்குத் திட்டவேண்டும் என்று தோன்றியது. யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. புருஷன் செய்தது வீட்டுக்காகத்தான். அந்த நாட்டுச் சட்டத்தை மாவுக்கையோடு நின்று திட்டி என்ன ஆகப்போகிறது?

"நீ மொதல்ல வந்துரு," என்றார் ஸ்டான்லி. "அம்மா பிள்ளையப் பாத்துக்கும். பின்னாடியே கூட்டிக்குவோம். நானும் எத்தன வருஷமா ஆளில்லாத வீட்டுல சமைச்சுத் தின்னுக்கிட்டுக் கிடக்கேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. நாள் முழுக்க அலைந்துவிட்டு வந்தவரின் அலுப்புதான் இருந்தது. அதைக் கேட்டபோது அவளுக்குப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. ஒரு வருடம்தானே. அவர்கள் மூன்று பேருக்கும் ஒரு வருடம் என்பது பெரிய கணக்கில்லை.

மத்தியானம் மாமியாரிடம் சொன்னாள். சரி என்பார் என்றே நினைத்தாள். இஞ்ஞாசியம்மாள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். தட்டைக் கீழே வைத்தார்.

"நான் பாத்துக்க மாட்டேன்."

"அத்தை..."

"ஆசையில்லாம சொல்லல. என் மகன நான் போன்ல பாத்தே காலத்த ஓட்டிட்டேன். இவ அவ அப்பனப் போன்ல பாக்குறா. இனி ஆத்தாளையும் போன்ல பாக்கணுமா? போறதுன்னா சேந்து போங்க. இல்லன்னா இருங்க. ஸ்டான்லிட்ட நானே சொல்றேன்."

சொல்லவும் சொன்னார். ஸ்டான்லி இரண்டு நாள் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, மகளுக்கான மனுவைப் போட்டுவிட்டதாகவும், சத்யபிரியாவின் கேஸை மூடிவிடாமல் நிறுத்திவைக்க வழியிருப்பதாகவும் சொன்னார். "சரிங்க" என்றாள்.

அடுத்த வாரம் மீரானைப் போய்ப் பார்த்தாள். அவள் நாற்காலியில் ஒட்டன்சத்திரத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பிரியாணி சாப்பிட்ட இடத்தில் நின்று மறுபடி வேலை கேட்பது நாக்கில் ஒட்டிக்கொண்டது.

"பாய், கொஞ்சம் தள்ளிப்போயிருச்சு."

மீரான் காரணம் கேட்கவில்லை. "வீட்டுக்குப் போயி ரத்தம் எடுக்க ஆளில்லாம இருக்கேம்மா. வண்டி ஓட்டுவீல்ல?"

அன்றிலிருந்து ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியோடு தெருத் தெருவாகப் போனாள். எழுந்து நடக்க முடியாதவர்களின் வீடுகள். அங்கேயும் கேட்டார்கள். "இன்னும் போகலையா?" என்று கேள்வி மட்டும் மாறியிருந்தது. ஜோவிதாவைப் பாதி வருடத்தில் கெஞ்சிக் கூத்தாடிப் பள்ளியில் சேர்த்தாள். அவள் வயதுப் பிள்ளைகள் ஒரு வகுப்பு மேலே இருந்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஸ்டான்லி வந்தார், விசா எடுத்துக்கொண்டு. சென்னை விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நிற்கவைத்து, எங்கே தங்குவீர்கள் என்று கேட்டார்களாம். "எங்கம்மா வீட்டுலன்னு சொன்னேன்," என்றார் சாப்பிட்டுக்கொண்டே. சிரிப்பதற்காகத்தான் சொன்னார். இஞ்ஞாசியம்மாள் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். ஜோவிதா முதல் வாரம் அவர் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்றாள். இரண்டாம் வாரம் அவர் முதுகிலிருந்து இறங்க மாட்டேன் என்றாள். மூன்றாம் வாரம் அவர் போய்விட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் மகளின் மனு தேறியது. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே நாளில் நேர்காணல் கேட்டு எழுதி, எழுதி, ஒருவழியாகக் கிடைத்தது. சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் கல்யாணப் போட்டோவைப் பார்த்தாள், நாலைந்து கேள்வி கேட்டாள், ஜோவிதாவைப் பார்த்துக் கையசைத்தாள். இருவருக்கும் விசா என்றாள். இத்தனை வருடம் இழுத்தது, டீ ஆறுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. அழுகை வரும் என்று கைக்குட்டை கொண்டுபோயிருந்தாள். வரவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் விழுப்புரம் தாண்டியதும் ஸ்டான்லி கூப்பிட்டார். குரல் துள்ளியது.

"பிரியா, இனி கவலையே இல்ல. ஜோவிதா இங்க வந்து இறங்குனாலே சிட்டிசன்தான். நீயும் மூணு வருஷத்துல மாத்திக்கலாம். நம்ம ஊரு பாஸ்போர்ட்ட மட்டும் ஒப்படைச்சிட்டா..."

ஜோவிதா மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் அவள் முகத்தில் படாமல் சத்யபிரியா திரையை இழுத்துவிட்டாள்.

"ஏங்க, அத அப்பப் பாத்துக்கலாங்க," என்றாள். "அத்தைக்கு போன் போட்டுச் சொல்லிருங்க. நான் செத்த தூங்குறேன்."