பக்கத்து இலை மடியும்வரை

இலுப்பூரில் பத்திரம் எழுதும் கடையில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் சிவரஞ்சனிக்கு வயது முப்பத்தாறு, எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. எடையை நான் சொல்லத் தேவையில்லை, ஊரே சொல்லிவிடும். பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது. நானும் சும்மா இருந்தவன் இல்லை. "ரஞ்சனி வந்தா ஷேர் ஆட்டோவுல ரெண்டு சீட்டு" என்று கிண்டலடித்த வாய்தான் இது. இப்போது நினைத்தால் அந்த வாயில் நாலு போடலாம் போலிருக்கிறது.

கல்யாணப் பந்தியில் அவள் அளவாகச் சாப்பிடுகிறவர் பக்கமாகப் பார்த்துத்தான் உட்காருவாள். அவர் இலையை மடித்தால் இவளும் மடிப்பாள். தன் வயிறு நிறைந்ததா என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. அப்படி மடித்துவிட்டுப் பசியோடு கைகழுவப் போகும்போது, "வீட்டுல போயி ஒரு குண்டான் திம்பா" என்று யாராவது சொல்வது காதில் விழும். சில வருடங்களாக விசேஷங்களுக்கே போவதில்லை. மதியச் சாப்பாடும் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான்.

ஊர்ப் பேச்சு அவளுக்குப் பழகிவிட்டது. பெற்ற தாயே நம்பாததுதான் பழகவில்லை. அம்மா பெயர் சின்னப்பிள்ளை, ஈர்க்குச்சி மாதிரி உடம்பு. செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கார்த்திகை என்று எந்நேரமும் விரதம். "பசிக்குதும்மா" என்று மகள் சொன்னால், "இப்பத்தானடி தின்ன? பொய் சொல்லாத" என்று அடுப்படியைப் பூட்டிவிடுவார். தன் பசி நிஜம் என்று அம்மா ஒரே ஒரு முறை ஒத்துக்கொண்டால் போதும் என்றிருந்தாள் ரஞ்சனி.

சர்க்கரை பார்க்கத் திருச்சிக்குப் போன இடத்தில் ஒரு டாக்டர் அவளைத் திட்டாமல், எந்த வயதிலிருந்து இந்தப் பசி என்று கேட்டார். ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்ததும் விளக்கினார். சாப்பிட்டதும் உடம்பில் சுரக்கும் ஹார்மோன்கள் மூளைக்குப் 'போதும்' என்று சொல்லியனுப்பும். அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் வேலையைச் செய்கிற மரபணு ஒன்றில் இவளுக்குப் பிறவியிலேயே சின்ன மாற்றம். செய்தி பாதிதான் போய்ச் சேருகிறது. பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம், அம்மாவையும் அழைத்து வாருங்கள் என்றார் டாக்டர்.

"செத்துப்போன ஒங்கப்பா ஒடம்புதான் ஒனக்கு. எனக்கு எதுக்கு ஊசி?" என்று முனகிக்கொண்டேதான் அம்மா பஸ் ஏறினார்.

சில வாரம் கழித்து இருவரும் முடிவு வாங்கப் போனார்கள். அதே மாற்றம் அம்மாவுக்கும் இருந்தது. இது இருக்கிற எல்லோருமே பருத்துவிடுவதில்லை என்றார் டாக்டர்.

ஊர் திரும்பியதும் ரஞ்சனி நேராக என் கடைக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். பஸ் விராலிமலை தாண்டியதும் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "எல்லாருக்கும் இப்படித்தான் பசிக்கும்னு இருந்தேன்டி. எல்லாரும் அடக்கிக்கிறாக, நீ மட்டும் அடக்க மாட்டேங்கிறேன்னு நெனச்சேன்" என்றாராம்.

"அப்ப ஒனக்கும் பசிக்குமாம்மா?"

"எப்படி பசிக்காம இருக்கும்? நாலு பேரு முன்னாடி திங்காம இருக்க ஒரு சாக்கு வேணும்ல. அதுக்குத்தான் இத்தன விரதம்."

இதைச் சொல்லி முடிக்கும்போது ரஞ்சனி அழுதுவிட்டாள்.

"அம்மா நம்பிருச்சுண்ணே. ஆனா முப்பத்தாறு வருசமா ஒரே வீட்டுல ரெண்டு பேரும் தனித்தனியாப் பசிச்சுக் கெடந்திருக்கோம்ணே."