நாணலுக்குள் போன எருமை

போன கிழமை கல்லடிக் கடற்கரை மணலில் ஒரு ஜீப் புதைந்துபோனது. சுற்றுலா வந்த வெள்ளைக்காரச் சோடி ஒன்று வாடகைக்கு எடுத்த வண்டி. ஓட்டியவர் எஞ்சினை விடாமல் இரைய வைத்ததில் கிளச் பிளேட் எரியத் தொடங்கியிருந்தது. மீன் வாங்கிக்கொண்டு வந்த நான், அந்த மணம் மூக்கில் ஏறியதும் பையைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். டயர்களில் காற்றைக் குறைத்து, அங்கே நின்ற தம்பிமாரைத் தள்ளச் சொல்லி, வண்டியை வெளியே எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பையிலிருந்த பாரைக்குட்டி ஒன்றை நாய் தின்றுகொண்டிருந்தது. அதன் வாலைப் பார்த்தால் என்னைவிடச் சந்தோசமாக இருந்தது தெரிந்தது.

கிளச் எரியும் மணம் மற்றவர்களுக்கு எதை நினைவுபடுத்துமோ தெரியாது. எனக்கு அது எருமையை நினைவுபடுத்தும்.

மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு எருமை என்றால் முதலில் தயிர்ச்சட்டிதான் நினைவுக்கு வரவேண்டும். எனக்கும் இருபத்தாறு வயது வரைக்கும் அப்படித்தான். அப்போது டவுனில் பெலிக்ஸ் அண்ணனின் கராஜில் வேலை செய்தேன். பெலிக்ஸ் அண்ணன் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர். அவருடைய மச்சான் ஒருவர் தன்சானியாவில் வண்டி திருத்துபவராக இருந்தார். வேட்டை முகாம் ஒன்றுக்கு மெக்கானிக் தேவை என்று அவர் சொல்லியனுப்ப, பெலிக்ஸ் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, மகனிடம் கேட்பதுபோலக் கேட்டார்: "ஆபிரிக்காவுக்குப் போறியா மனே? சிங்கம் கிடக்குமாம். ஆனா லாண்ட் குரூசரும் கிடக்குமாம்."

நான் லாண்ட் குரூசருக்காகத்தான் போனேன். அம்மா களுதாவளைப் பிள்ளையாருக்கு, மகனைச் சிங்கம் தின்னாமல் இருக்க நேர்த்தி வைத்தார். திரும்பி வந்த பிறகு, ஊர்க் கலியாண வீடுகளில் என்னைச் 'சிங்கம் சுட்ட ஆள்' என்று அறிமுகப்படுத்தத் தொடங்கினார்கள். சுட்டது கிடக்கட்டும், அங்கே இருந்த காலத்தில் துவக்கு ஒன்றை நான் கையால் தூக்கியதுகூட இல்லை. பெரும்பாலும் வண்டிக்குக் கீழேதான் கிடந்தேன்.

முகாம் ஓர் ஆற்றோரம் இருந்தது. காய்ந்த காலத்தில் மட்டும் வேட்டை. வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வருவார்கள். எந்த மிருகத்துக்கு அனுமதி எடுத்தார்களோ அதைத்தான் சுடலாம், அதிலும் வயதுபோன ஆணைத்தான். அதைக் காட்டிக்கொடுக்க ஒரு வேட்டை வழிகாட்டி கூடவே போவார். எங்கள் வழிகாட்டி கிரஹாம். அதிகம் பேசமாட்டார், பேசினால் பெரும்பாலும் டீசலைப் பற்றித்தான் பேசுவார். தடம் பார்ப்பவன் ஜுமா, என் வயதுக்காரன். சாம்பல் கட்டிய சின்னத் துணிமுடிச்சு ஒன்று அவன் இடுப்பில் தொங்கும். அதை உதறி, தூள் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துத்தான் நடப்பான். காற்று மாறினால் மிருகத்துக்கு மனித வாடை போய்விடும். ஒருநாள் சாம்பல் முழுவதையும் சமையல்காரனின் மாவுக்குள் கொட்டிவிட்டு, மத்தியானம் முழுக்க ஒளித்துத் திரிந்தான்.

நானும் ஜுமாவும் உடைந்த சுவாகிலியில்தான் பேசுவோம், உடைத்தவன் நான். ஆனால் அவன் சொன்னதெல்லாம் என் காதில் எங்களூர்ப் பேச்சாகவே தங்கியிருக்கிறது. மற்றவர்கள் பேசிய இங்கிலீசையும் சேர்த்து இங்கே அப்படித்தான் எழுதுகிறேன்.

ஒருமுறை ஹெலன் என்ற அம்மையார் தனியாக வந்தார். அறுபதைத் தாண்டியவர். கணவர் பதிவு செய்த பயணம் அது. பயணத்துக்கு முன்னமே அவர் இறந்துபோனார். கணவரின் ஆசையை நிறைவேற்ற வந்தீர்களா என்று கிரஹாம் மரியாதைக்குக் கேட்டார்.

"இல்ல," என்றார் ஹெலன். "ஆசை என்ட. அவர் சும்மா துணைக்கு வாறதா இருந்தவர்."

ஜுமா அவரை 'மாமா' என்று கூப்பிட்டான். சுவாகிலியில் மாமா என்றால் அம்மா. எனக்கு அது கடைசிவரை பழகவில்லை. ஒவ்வொரு முறையும் ஹெலனுக்கு மீசை இருப்பதுபோல ஒரு தோற்றம் வந்து போகும்.

எருமை சுட்ட அன்று வண்டி ஓட்டுகிறவனுக்குக் காய்ச்சல். நான் ஓட்டினேன். காலையில் ஹெலனும் கிரஹாமும் ஜுமாவும் நடந்துபோய் ஒரு கிழட்டு ஆணைக் கண்டார்கள். ஹெலன் சுட்டார். வெடி பட்டது, ஆனால் கொஞ்சம் பின்னுக்குப் பட்டுவிட்டது. எருமை விழாமல் ஆற்றோர நாணலுக்குள் போய்விட்டது.

காயப்பட்ட எருமையை அப்படியே விட்டுவிட்டு வரமுடியாது. அது கிடந்து வேதனைப்படும், வழியில் போகிறவனையும் கொல்லும். கிரஹாம் ஹெலனை வண்டிக்குக் கூட்டிவந்து, மேலே இருக்கும் உயரமான இருக்கையில் ஏறச் சொன்னார்.

"நான் விட்ட பிழைக்கு நீங்க ஏன் போகவேணும்? நானும் வாறன்," என்றார் ஹெலன்.

"உள்ளுக்குப் போறது என்ட வேலை. நீங்க இருங்க. வண்டியில இருந்து சுடக்கூடாது, தெரியும்தானே?"

கிரஹாமும் ஜுமாவும் நாணலுக்குள் போனார்கள். நாணலின் தலை ஆடுவது மட்டும் தெரிந்தது. செத்துப்போகும் எருமை கடைசியாக நீட்டி ஒருமுறை கதறும் என்பார்கள். அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அது வரவேயில்லை.

பிறகு நாணல் உடைந்தது. ஜுமா வெளியே ஓடிவந்தான். அவனுக்குப் பின்னால் எருமை. நாணலுக்குள் நின்ற கிரஹாமின் துவக்குக்கு நேரே எருமையும் அதற்கப்பால் ஜுமாவும் ஒரே கோட்டில் இருந்தார்கள். அவரால் சுடமுடியவில்லை. எருமை ஜுமாவைத் தட்டி விழுத்தி, அவனுடைய காலை மிதித்தது. மறுகா கிறுகித் திரும்பி வந்து தலையைத் தாழ்த்தியது.

ஹெலன் கூரையில் தட்டி, "கிட்டப் போ!" என்றார்.

நான் போனேன். அது துணிவு இல்லை. சொன்னதைச் செய்து பழகிய கை, அவ்வளவுதான். ஆற்றங்கரைச் சேற்றில் சில்லு சுழன்றது, கிளச் எரிந்தது, புகை முகத்தில் அடித்தது. வண்டி பக்கம் சரிந்து, போகாமல் நின்றது. நின்ற இடம் போதுமாக இருந்தது. தலைக்கு மேலே வெடிச்சத்தம் கேட்டது. எனக்கு வலது காது இன்றைக்கும் கொஞ்சம் மந்தம். கண்ணைத் திறந்தபோது எருமை ஜுமாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. அப்போதுதான் அது கதறியது.

கிரஹாம் ஓடிவந்தார். ஹெலன் துவக்கைக் கீழே வைத்துவிட்டு, "உங்கட சட்டத்த மீறிட்டன்," என்றார்.

"நான் ஒண்டையும் காணல்ல. புல்லுக்க நிண்டனான்," என்றார் கிரஹாம்.

ஜுமாவின் கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. நாணல் கட்டைகளை வைத்துக் கட்டி, மிச்ச நாணலைச் சில்லுக்குக் கீழே போட்டு வண்டியைச் சேற்றிலிருந்து எடுத்து, மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பொழுதுபடும் வரைக்கும் ஓட்டம். எரிந்த கிளச் எந்த மேட்டில் கைவிடுமோ என்று, முடிந்தவரை கியரை மாற்றாமலே ஓட்டினேன். பின்னால் ஹெலன் அவனுடைய தலையை மடியில் வைத்திருந்தார். குழியில் விழும்போதெல்லாம் ஜுமா அலறுவான். நான் திரும்பிப் பார்க்காமல், "ஒண்டுமில்ல மனே, இந்தா வந்திட்டம்," என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். அது எனக்கே தெரியாது. மாதங்கள் கழித்து, தடியூன்றி முகாமுக்கு வந்தவன் என்னைப் பார்த்து, "ஒண்டுமில்ல மனே!" என்று தமிழில் சொன்னபோதுதான் தெரிந்தது.

கால் கூடினாலும் நேராகக் கூடவில்லை. தடம் பார்க்கும் வேலை முடிந்தது. கிரஹாம் அவனைச் சாமான் கொட்டிலுக்குப் பொறுப்பாக வைத்தார். எருமையின் கொம்பை ஹெலன் ஊருக்குக் கொண்டுபோகவில்லை. ஜுமாவுக்கு வேணுமா என்று கேட்டு எழுதினார்.

"எனக்கு என்னத்துக்கு? அதைக் கண்டாலே கால் நோகும்," என்றான்.

பிறகு அது சாப்பாட்டுக் கூடாரத்தின் கம்பத்தில் தொங்கியது. வௌவால் ஒன்று அதில் குடியிருந்தது.

நான் ஊருக்கு வந்து கல்லடியில் கராஜ் போட்டேன். முகாமுக்கு வேட்டை ஆட்கள் வரத்துக் குறைந்தது. அந்தக் காட்டுக்கான உரிமையை, முகாம் நடத்திய கம்பனி புதுப்பிக்கவில்லை. காவலுக்கு ஆளில்லாத இடத்தில் கண்ணி வைப்பவர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பிறகு மாடுகளும், மாடுகளுக்குப் பிறகு சோளமும் வந்தன. கிரஹாம் தங்கச்சி வீட்டில் இருந்தபோது காலமானார். ஹெலனிடமிருந்து கிறிஸ்மசுக்கு வந்துகொண்டிருந்த நத்தார் அட்டை ஒரு வருடம் வராமல் போனது. நான் காரணம் விசாரிக்கவில்லை.

இந்த வருடம் ஜுமாவின் மகள் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். நரைத்த ஜுமா சோளத்துக்கு நடுவே சரிந்து சரிந்து நடக்கிறான். இதுதான் சமைச்ச குசினி, இது நீ வண்டி திருத்தின கொட்டில் என்று கையைக் காட்டுகிறான். எந்தப் பக்கம் காட்டினாலும் சோளம்தான் தெரிந்தது.

அவனுக்குப் போன் எடுத்தேன். எருமை வருமா என்று கேட்டேன்.

"எருமையா? இஞ்ச புள்ளையள் படத்திலதான் கண்டிருக்குதுகள்," என்றான். "காலுக்கு என்ன எண்டு கேப்பானுகள். எருமை மிதிச்சது எண்டா ஒருத்தனும் நம்புறான் இல்ல. இப்ப, மோட்டசைக்கிள்ல விழுந்தது எண்டு சொல்லிர்றன்."