பின்சீட்டுக்கு வைத்த பிரேக்

மனைவி நர்ஸ் வேலைக்கு வளைகுடா நாட்டுக்குப் போனபின் மோட்டார் சைக்கிளைச் சாக்கு போட்டு மூடிவிட்டேன். தக்காளி விற்கப் பாலக்கோட்டுக்கு டிராக்டரில் போய் வந்தேன். கிறிஸ்துமஸுக்கு லீவில் வருகிறாள் என்று தெரிந்ததும் சாக்கை எடுத்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவளை நான்தான் வண்டியில் அழைத்து வர வேண்டும். வேறு யாரும் போகக்கூடாது.

வண்டி ஓடியது, ஆனால் இழுத்தது. எங்கள் மண்பாதையில் கொஞ்ச தூரம் போனதும் பின்சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம். இறங்கிச் சக்கரத்தின் நடுவிலிருக்கும் பிரேக் டிரம்மைத் தொட்டேன். விரல் சுட்டுவிட்டது. பிரேக் மிதிக்காமலே பிடித்துக்கொண்டிருந்தது.

சும்மா கிடந்ததில் துருப்பிடித்திருக்கும் என்று சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் ஷூ நன்றாகத்தான் இருந்தது. அதை விரித்துவிடும் கட்டையை மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத்தாள் போட்டு, துளி கிரீஸ் வைத்தேன். புது ஸ்பிரிங் மாட்டினேன். மறுபடி ஓட்டினால் அதே சூடு. கோபத்தில் சக்கரத்தை ஓர் உதை விட்டேன், கால்தான் வலித்தது. திட்டக்கூட வீட்டில் ஆள் இல்லை.

ஒருநாள் வழியில் ஒரு அம்மா மூட்டையோடு கை காட்டினார்.

"ஏங்க, பஸ் நிக்கற எடம் வரைக்கும் ஏறிக்கட்டுங்களா?"

நல்ல கனமான அம்மா. ஏறியதும் வண்டி பின்னால் அமுங்கியது. அதிசயமாக, இழுப்பு நின்றுவிட்டது. அவர் இறங்கியதும் தொட்டுப் பார்த்தேன், டிரம்மில் சூடே இல்லை. தனியாகத் திரும்பினேன். முதல் வளைவிலேயே பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்தால் ஷாக் அப்சார்பர் அமுங்கி, மிதியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் பிரேக் ராடு தளர்ந்து, மிதித்தாலும் பிடிக்காது. அதனால் வண்டியை வேப்பமரத்தில் சாய்த்து, அவளைப் பின்சீட்டில் ஏற்றிவைத்துத்தான் ராடின் நட்டை முறுக்குவேன். "சீக்கிரம் முறுக்குங்க, டூட்டிக்கு நேரமாவுது" என்று மேலேயிருந்து அதட்டுவாள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியபோதும் பழைய தடம் பார்த்து அதே முறுக்குக்குத்தான் நட்டைக் கொண்டுவந்திருந்தேன். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. பின்னால் அவள் இல்லை, அவ்வளவுதான்.

நட்டைத் தளர்த்துவது ஒரு நிமிட வேலை. நான் தளர்த்தவில்லை. அவள் வந்து உட்கார்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று அப்படியே ஓட்டினேன். "என்னங்க, வண்டி கருகுதே" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர். கருகட்டும் என்றேன். ரொம்ப நாளுக்குப் பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவள் அண்ணன் வந்தார். அவருடைய ஆபீசுக்கு போன் பண்ணியிருக்கிறாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மாப்ள, வரலையாம். இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாளாம்."

லீவு கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

"கேக்கலையாம்" என்றார்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்து, ஸ்பேனரை எடுத்து வண்டிக்குப் பின்னால் குந்தினேன். பழக்கத்தில் ஒருமுறை நிமிர்ந்து பின்சீட்டைப் பார்த்தேன். பிறகு ஓர் ஆளுக்குத் தகுந்தபடி நட்டைத் தளர்த்தினேன்.

சாயங்காலம் பாலக்கோட்டுக்கு ஓட்டிப் போனேன். இழுப்பு இல்லை, சூடு இல்லை, நாற்றம் இல்லை. வழி நெடுக அழுதேன்.