பதினெட்டுக் குடம்

பெரம்பலூரில் நாங்கள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் அந்த ஐந்து நாளும் டீசல் புகை நாற்றம். புயலில் கம்பங்கள் சாய்ந்து கரண்ட் போனதால், வீட்டுக்காரரான லெப்பைக்குடிக்காட்டு அம்மா, கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் விடும் "மைக் செட்"காரரைப் பிடித்து, காலையில் ஒரு மணி நேரம் மோட்டாரை ஓட்டவைத்தார்; மொட்டைமாடித் தொட்டியில் அறுபது குடம் ஏறும், ஆறு வீட்டுக்கும் பத்துப் பத்து, அந்த ஒரு மணி நேரம்தான் வால்வைத் திறப்பார். வீடுவீடாகப் போய்க் குடங்களை எண்ணி, படிச்சுவரில் சாக்பீஸ் கோடு போடுவது ஒன்பது வயதான என் வேலை.

வீட்டுக்கு ஏழு குடத்தைத் தாண்டவில்லை. தங்கை பிறந்து இருபது நாள். துணி அலசவே போதவில்லை என்று அம்மா அழுதாள். யார் வீட்டு வாசல் ஈரம், யார் தலை ஈரம் என்று பார்த்துக்கொண்டே நான் படியேறினேன்.

"அறுபது ஏறுது, நாப்பத்திரண்டு எறங்குது. பதினெட்டு கொடத்த யாரு முழுங்குறா?" என்று நான்காம் நாள் வீட்டுக்கார அம்மா கேட்டபோது எல்லார் கண்ணும் மேலே போயிற்று. மூன்றாம் மாடியில் தனியாக இருந்து, அரியலூர் ஆலைக்குப் போய்வந்த "சிமெண்ட் மாமா"விடம் மூன்று டிரம் இருப்பதை நான்தான் சொல்லியிருந்தேன்.

"ஒத்தாளுக்கு மூணு டிரம் எதுக்குங்க?" என்றார் அப்பா. போய்ப் பார்த்தார்கள். இரண்டு காலி, ஒன்று ஏறக்குறைய நிறைந்திருந்தது.

"நாலு நாளா குளிக்காம சேத்தது சார்."

"அது கிட்ட வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு," என்றார் மைக் செட்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நாளுக்கு மூன்று குடம் மிச்சம் பிடித்தால் நான்கு நாளில் பன்னிரண்டு. டிரம்மில் இருந்ததும் அவ்வளவுதான். அந்தக் கணக்கை யாரும் போடவில்லை, நானும்தான். கைக்குழந்தை இருக்கும் வீடு என்று அந்தத் தண்ணீர் எங்களுக்கே வந்தது.

மறுநாள் காலை, பழைய சாமான் போட்டுவைத்திருந்த எங்கள் பின்பக்கக் குளியலறைக்குள் வாளி தேடிப் போனேன். ஜெனரேட்டர் இரைச்சலில் வெளியே கேட்காமல், அங்கே ஒரு குழாய் நேராகச் சாக்கடைத் துவாரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போன அன்று திருகிப் பார்த்து, தண்ணீர் வராததால் அப்படியே விட்டுவந்தவன் நான். மூடினேன்.

அன்று அறுபது. "பாத்தீங்களா, கேட்டதும் சரியாயிருச்சு," என்றார் வீட்டுக்கார அம்மா. நான் அறுபதாவது கோட்டைப் போட்டுவிட்டுச் சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கரண்ட் வந்த வாரமே மாமா மூன்று டிரம்மையும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு அரியலூருக்கே போய்விட்டார்.

இப்போது அந்தக் கட்டடத்துக்குச் சொந்த ஜெனரேட்டர் இருக்கிறது. தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்கிறது. என் கோடுகளின்மேல் எத்தனையோ முறை பெயின்ட் ஏறிவிட்டது. நான் படுக்குமுன் வீட்டின் ஏழு குழாயையும் திருகிப் பார்க்கிறேன். "கெழவனாட்டம் எத்தன தடவ?" என்று மனைவி சலித்துக்கொள்கிறாள். கணக்கு இடித்தால்கூட எனக்குப் பெரிதில்லை. சரியாக வந்துவிட்டால்தான், யார் தலையில் விழுந்து சரியாயிற்றோ என்று சந்தேகம் வருகிறது.