காரணமில்லாமல் கடிக்கும்

எங்கள் விலங்குக் காப்பகத்தில் கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் 'சிபாரிசு' என்றுதான் கூப்பிடுவோம். அவர் எழுதும் அட்டைகளால் வந்த பெயர் அது. வளர்க்க முடியாமல் யாராவது ஒரு நாயையோ பூனையையோ கொண்டுவந்து விட்டுப் போனால், இரண்டு நாள் முழுக்க அதன் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். தூக்கிக் கொஞ்ச மாட்டார், பேச மாட்டார், சும்மா இருப்பார். மூன்றாம் நாள் காலையில் அதன் குணத்தை இரண்டு வரியில் அட்டையில் எழுதிக் கூண்டில் தொங்கவிடுவார். தத்தெடுக்க வருகிறவர்கள் அட்டையைப் படித்த பிறகுதான் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்.

'இவள் யாரையும் மதிக்க மாட்டாள். நீங்கள் அழுதால் மட்டும் பக்கத்தில் வந்து உட்காருவாள்.' ஒரு கிழட்டுப் பூனைக்கு அவர் எழுதியது இது. பல்கூட இல்லாத அந்தப் பூனையை ஒரே வாரத்தில் ஒரு அம்மா அள்ளிக்கொண்டு போனார். 'செருப்பைக் கடித்துக் குதறுவான். ஆனால் மறைக்கத் தெரியாது, முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும்.' அந்தக் குட்டிநாய்க்கு இரண்டு குடும்பங்கள் போட்டி போட்டன.

அலுவலகத்துக்குப் பொறுப்பு நான். பதினோரு வருஷமாக இதே மேஜை. எனக்கு இந்த உருக்கமெல்லாம் ஆகாது.

"நாய்க்கு என்னண்ணே குணம்? பசிச்சா வரும், பயந்தா ஓடும், அவ்வளவுதான்" என்பேன்.

"உங்க வீட்டுக்காரரும் அப்படித்தானேம்மா" என்பார். அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இருக்காது.

"ஆன்மா கீன்மான்னு ஆரம்பிச்சிடாதீங்க, அட்டையில இடம் பத்தாது" என்று நானும் விடமாட்டேன்.

எங்களிடம் ஒரு விதி உண்டு. அட்டையில் 'கடிக்கும்' என்று இருந்து, முப்பது நாளில் யாரும் கேட்டு வரவில்லை என்றால் ஊசி போட்டுவிடுவோம். இடம் இல்லை, வேறு வழி இல்லை. அதற்கான அனுமதித் தாளில் கையெழுத்துப் போடுவது நான்தான். ஊசி போட்ட பிறகு சிபாரிசு அந்த உடலை ஈரத்துணியால் துடைத்து, முடியைச் சீவி, பழைய போர்வையில் சுற்றித்தான் வெளியே அனுப்புவார். "குழிக்குத்தானே போகுது, எதுக்கு இவ்வளவு?" என்று ஒருமுறை கேட்டேன். அவர் பார்த்த பார்வையில் அதன்பிறகு கேட்கவில்லை.

ஒருநாள் பழுப்பு நாய் ஒன்றை ஒரு அப்பா கொண்டுவந்தார். நாலு வருஷம் வீட்டில் வளர்ந்த நாய். கையில் கட்டோடு அவருடைய ஆறு வயது மகள் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டாள்.

"ஒரு காரணமும் இல்லைங்க. பிள்ளை சும்மா தலையைத் தடவுனா, கடிச்சிடுச்சு. இனிமே எப்படி வீட்டுல வச்சுக்கறது?" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

சிபாரிசு வழக்கம்போல் உள்ளே போய் உட்கார்ந்தார். முதல் நாள் நாய் மூலையிலேயே கிடந்தது. இரண்டாம் நாள் மாலை மெல்ல வந்து அவர் காலில் சாய்ந்தது. அவர் அதன் தலையைத் தொட்டார். கடித்ததில் கை கிழிந்து நாலு தையல். மூன்றாம் நாள் வரைக்கும் அவர் பொறுக்கவில்லை. அன்று இரவே கட்டுப் போட்ட கையால் எழுதித் தொங்கவிட்டார்: 'காரணமில்லாமல் கடிக்கும்.' அவர் எழுதியதிலேயே கிண்டலோ கனிவோ இல்லாத அட்டை அது ஒன்றுதான்.

வாரம் ஒருமுறை வரும் டாக்டர் அட்டையைப் படித்தார், வெளியிலிருந்தே பார்த்தார், போய்விட்டார். வந்தவர்களும் அட்டையைப் படித்துவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்தார்கள். நாய் எப்போதும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிற்கும். "பாருங்க, எப்படி முறைக்குதுன்னு" என்று நானே சொல்லியிருக்கிறேன். முப்பதாம் நாள் தாள் என் மேஜைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஊசி போட்டு அரைமணி நேரம் கழித்துச் சிபாரிசு என் அறைக்கு வந்தார். கையில் ஈரத்துணி. அதை விரித்து மேஜைமேல் வைத்தார். சீழில் நனைந்த ஒரு புல் முள் இருந்தது. காய்ந்த புல்லில் நடந்தால் நம் துணியில் ஒட்டிக்கொள்ளுமே, அதுதான். நகத்தளவுகூட இல்லை.

"காதுக்குள்ள ஆழத்துல இருந்ததும்மா. துடைக்கும்போது நாத்தம் அடிச்சுது. இடுக்கி விட்டு எடுத்தேன். ரொம்ப நாளா இருந்திருக்கு. தலையைத் தொட்டா உயிர் போற வலி வந்திருக்கும்."



"எங்கிட்ட வந்து சாஞ்சுது. காட்டத்தான் வந்திருக்கு. நான் கையில ரத்தத்தைப் பாத்ததும் கோவத்துல எழுதிட்டேன். இன்னும் ஒரு நாள் உக்காந்திருந்தா தெரிஞ்சிருக்கும்." நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க சொல்ற மாதிரி அதுக்கு ஆன்மா எதுவும் இல்லைன்னா, நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வேண்டியதில்ல. இருக்குன்னா, யார்கிட்ட போய்க் கேக்கறது?"

 

அதற்குப் பிறகு அவர் அட்டை எழுதுவதை நிறுத்திவிட்டார். கூண்டு கழுவுவார், தண்ணீர் வைப்பார், கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவார். புதிதாக வந்த ஏழெட்டு விலங்குகளின் கூண்டில் எதுவும் தொங்கவில்லை. வருகிறவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். நான் எழுதிப் பார்த்தேன். 'நல்ல நாய்' என்பதற்கு மேல் எனக்கு வரவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். அந்த அப்பா மறுபடி வந்தார். மகள் இந்த முறை அவருக்கு முன்னால் ஓடிவந்தாள். கையில் கட்டு இல்லை.

"பிள்ளை சரியா சாப்பிடறதே இல்லைங்க. அவன்தான் வேணும்னு ஒரே பிடிவாதம். வாய்க்கு ஒரு கவசம் போட்டாவது வச்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். கூட்டிட்டுப் போக வந்தோம்" என்றார்.

இப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. 'வேற ஒரு நல்ல வீட்டுக்குப் போயிடுச்சு.' நூறு முறையாவது சொல்லியிருப்பேன், பொய் என்றே தோன்றாத அளவுக்குப் பழகிவிட்டது. அதைத்தான் சொல்ல ஆரம்பித்தேன்.

"அது ஒரு நல்ல..."

"வேண்டாம்மா" என்றார் வாசலில் நின்ற சிபாரிசு.

உள்ளே வந்து அந்தக் குழந்தைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். நாய்களுக்கு முன்னால் எப்படி உட்காருவாரோ அப்படியே.

"பாப்பா, அவன் செத்துட்டான். அவன் காதுக்குள்ள ஒரு முள்ளு குத்தியிருந்துது. வலி தாங்காமதான் கடிச்சான். நான் அதைப் பாக்கல. பாக்காமலே, காரணமில்லாம கடிக்கிறவன்னு எழுதிட்டேன். அதனாலதான் அவனை யாரும் கூட்டிட்டுப் போகல. தப்பு என்னோடதும்மா. என்னை மன்னிச்சிடு."

 குழந்தை சிபாரிசின் முகத்தைப் பார்த்தாள். கண் நிரம்பிவிட்டது, ஆனால் குரல் உடையவில்லை.

"அவன் கடிச்ச உடனே அழுதான் மாமா. என் கையை நக்கிக்கிட்டே அழுதான். நான் அப்பாகிட்ட சொன்னேன். நாய்க்கு அழவெல்லாம் தெரியாதுன்னு சொல்லிட்டாங்க."

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று அந்தக் குழந்தை என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் அதட்டலாக.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். மேஜையைச் சுற்றிவந்து, சிபாரிசுக்குப் பக்கத்தில் நானும் தரையில் உட்கார்ந்தேன். எழுதியவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். கையெழுத்துப் போட்டவள் இன்னும் கேட்கவில்லை.